கீழே போடத் தெரிந்தவன்

சவேரி,

தலைப்பில் சிலுவை வரைந்தாயிற்று. இங்கே எல்லோரும் சுகம் என்பதைப் போன கார்டிலேயே எழுதிவிட்டேன். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் வலது மணிக்கட்டு எப்படி இருக்கிறது? "ஒன்றுமில்லை அம்மா" என்று மட்டும் பதில் எழுதாதே. கிறிஸ்மஸுக்கு வந்திருந்தபோது, வடக்கே குளிர் எலும்பைத் துளைக்கிறது என்றாயே என்று, முழுக்கைச் சட்டை தைப்பதற்காக உன்னை நிற்கவைத்து அளவெடுத்தேன். கஃப் அளவுக்கு டேப்பைச் சுற்றினால் வலது மணிக்கட்டு இடதைவிடத் தடித்திருக்கிறது. டேப்பைக் கொஞ்சம் இறுக்கியதும் பல்லைக் கடித்தாய். கேட்டால், பளு தூக்குகிறவனுக்கு வலது கை பெருத்துத்தான் இருக்கும் என்று கதை விட்டாய். கன்னியர் பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷமாகத் தையல் சொல்லிக் கொடுக்கிறவளிடம் விடுகிற கதையா இது? மணிக்கட்டு பெருக்காது ராசா, வீங்கத்தான் செய்யும்.

அப்பாவிடம் சொல்லிவிடாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். நானும் சொல்லவில்லை. ஸ்டேஷனில் டிரங்குப் பெட்டியை இடது கையால் தூக்கி ரயிலில் ஏற்றினாய். அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அடுத்த மாதம் இந்திய அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அதுவரை பயிற்சி முகாம் டாக்டருக்குத் தெரியாமல் மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறாய். தெரிந்தால் மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அப்பா முகத்தில் எப்படி முழிப்பது என்று பயப்படுகிறாய். இதை நீ வாய்விட்டுச் சொல்லவில்லை. பெற்றவளுக்குச் சொல்லியா தெரியவேண்டும்?

டாக்டரிடம் காட்டு என்று ஒரு வரி எழுதினால் நீ கேட்கப்போவதில்லை. உன் பிடிவாதம் எனக்குத் தெரியும், அது என் வழி வந்தது இல்லை என்பதும் தெரியும். ஆகவே வகுப்புப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தையல் மிஷின் மேலேயே காகிதத்தை வைத்து எழுத உட்கார்ந்துவிட்டேன். நீளமாகத்தான் இருக்கும். அந்த இரும்பு பாரைத் தூக்குவதற்கு எவ்வளவு பொறுமை வைத்திருக்கிறாய், அம்மாவின் கடிதத்துக்கும் கொஞ்சம் வை. அப்பாவைப் பற்றி ஒரு செய்தியும் இருக்கிறது. பதறாதே, நன்றாகத்தான் இருக்கிறார். கடைசியில் சொல்கிறேன். முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் நீ அதைப் பளு தூக்கும் மேடையிலிருந்து பார்த்தாய், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். உப்புக் கிட்டங்கிக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் நீயும் உன் கூட்டாளிகளும் பளு தூக்க ஆரம்பித்தபோது, ஆம்பளைப் பிள்ளைகள் கெட்டுப் போகாமல் எதையோ தூக்கிக்கொண்டு கிடக்கட்டும் என்றுதான் நினைத்தேன். லேத் பட்டறைக் கந்தசாமி லாரி அச்சைக் கடைந்து பார் செய்து கொடுத்தான். அவனே உருக்கி வார்த்த பிளேட்டுகள், ஒன்றுக்கொன்று எடை சரியாக இருக்காது. நீ விடிவதற்கு முன்னால் அப்பாவோடு தோணித்துறைக்குப் போய் மூட்டை சுமந்துவிட்டு, சாயங்காலம் அந்தக் கொட்டகையில் மறுபடியும் சுமப்பாய். கூலி இல்லாத சுமைக்கு இவ்வளவு பாடா என்று நான் கேலி செய்திருக்கிறேன். ஆனால் ஒரு நாள், நீ மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்குச்சட்டியைக் கொண்டுவந்தபோது பார்த்தேன். பாரைத் தோளுக்குக் கொண்டுவந்தாய். அசையாமல் நின்றாய். பிறகு முழங்கால் மடங்காமல், இடுப்பு ஆடாமல், கையாலேயே அதைத் தலைக்கு மேல் தள்ளினாய். அதற்குப் பெயர் பிரஸ் என்று கந்தசாமி சொன்னான். "அத்தே, மாவட்டத்துலயே இவன் பிரஸ்ஸுக்கு எதிரா நிக்க ஆளு கெடையாது" என்றான். என் வயிற்றில் பிறந்த பிள்ளையா இது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். உன்னிடம் அதைச் சொல்லவில்லை, சாப்பாடு ஆறுகிறது என்று மட்டும் சத்தம் போட்டேன்.

அந்த பிரஸ்ஸைத்தான் ஒரு நாள் எடுத்துவிட்டார்கள். உலகத்திலே எங்கேயோ உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள், தூக்குகிறவர்கள் எல்லாம் பின்னால் வளைந்து வளைந்து ஏமாற்றுகிறார்கள், நடுவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை, இனிமேல் ஸ்னாட்சும், முழங்காலை மடக்கி எம்பித் தள்ளுகிற ஜெர்க்கும் மட்டும்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். பேப்பரில் அந்தச் செய்தி குண்டூசி அளவுக்குத்தான் வந்தது. கந்தசாமி அதைக் கிழித்துக்கொண்டு வந்து உன்னிடம் காட்டினான். நீ சாப்பிடவில்லை. சாளை மீன் பொரித்து வைத்தேன், அதையும் தொடவில்லை. "எனக்குத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான்மா" என்றாய். அது உண்மையும்கூட. தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோகிற ஸ்னாட்ச் உனக்கு வரவே வராது. இழுப்பாய், தலைவரைக்கும் போகும், அங்கே நின்று தள்ளப் பார்ப்பாய். உன் பலம் எல்லாம் அங்கே வீணாகும். சின்னப் பையல்கள் உன்னைவிட அதிகமாக ஸ்னாட்ச் செய்துவிட்டுப் போனார்கள். மாநில அணியில் உனக்கென்று இருந்த இடம் கண்ணெதிரே காணாமல் போய்விட்டது. நீ மறுபடியும் மூட்டை மட்டும் சுமக்க ஆரம்பித்தாய்.

பிறகு அந்த ஐப்பசியில் உரக் கப்பல் வந்தது. மழையில் உரம் இறக்க முடியாது, நனைந்தால் கட்டியாகிவிடும். மழை விடுகிற வழியாக இல்லை, கப்பலும் நகருகிற வழியாக இல்லை. அந்தக் கப்பலில் மெக்கானிக் வேலை பார்த்தவன், எதையோ கடைந்து வாங்குவதற்காகக் கந்தசாமியின் பட்டறைக்கு வந்தவன், மூலையில் பாதி கடைந்து கிடந்த பாரைப் பார்த்து நின்றுவிட்டானாம். பல்கேரியா தேசத்துக்காரன். ஸ்தோயான் என்று பெயர், நம் தெரு அவனைத் தொய்யான் ஆக்கிவிட்டது. கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். நான் கன்னியரிடம் இங்கிலீஷ் படித்தவள் என்று என்னையும் மொழிபெயர்க்கக் கூப்பிட்டாய். வந்து பார்த்தால் அவனுக்கு இங்கிலீஷில் மொத்தம் நாலைந்து சொல்தான் தெரிந்தது. ஸ்லோ, நோ, அகெயின், ஸ்லீப். நான் எதற்கு? ஆனாலும் நான் போவதை நிறுத்தவில்லை. மொழிபெயர்ப்பு என்ற சாக்கில் தினமும் வந்து உப்பு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டேன். பேக்கரியில் முந்திரி மக்ரூன் வாங்கிக் கொடுத்தால் அந்த ஆள் பச்சைப் பிள்ளை மாதிரி சிரிப்பான்.

அவன் முதல் நாள் தூக்கினதை நீ மறந்திருக்க மாட்டாய். உன்னைவிடக் குள்ளம், வயிறுகூடக் கொஞ்சம் இருந்தது. பாருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மூச்சை இழுத்து, நெஞ்சும் வயிறும் கல்லாகும்படி அடக்கினான். "சங்கு குளிக்கப் போறவன் மாதிரி மூச்சு இழுக்கான் பாருங்க அத்தே" என்றான் கந்தசாமி. பார் அவன் உடம்பை ஒட்டியே மெதுவாக ஏறியது. தொடையைத் தாண்டியதும் ஒரு வெட்டு வெட்டினான். அதற்குப் பிறகு நடந்தது என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. பாரைக் கீழிருந்து மேலே அனுப்பினவன், அது மேலே போய்ச் சேருவதற்குள் தான் கீழே போய்விட்டான். குந்தின நிலையில், கை இரண்டும் விரிந்து நீண்டு, தலைக்கு மேல் பார் அசையாமல் நின்றது. பிறகு எழுந்தான், சும்மா நாற்காலியிலிருந்து எழுகிறவன் மாதிரி.  உன் பிரஸ்ஸைப் பார்த்தபோது பலம் என்றால் இதுதான் என்று நினைத்திருந்தேன். இவனைப் பார்த்த பிறகுதான், பலம் என்பது கையில் கிடப்பது இல்லை, காலில் கிளம்பி இடுப்பு வழியாக ஏறிச் சரியான நேரத்தில் சரியான இடத்துக்கு வந்து சேர வேண்டிய ஒன்று என்று புரிந்தது.

அவன் உங்களைப் பழக்கிய விதம் எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. நீங்கள் தண்டாலும் பஸ்கியும் எடுத்து, கை நடுங்கி, உயிர் போகும்வரை தூக்கிவிட்டுத்தான் பழகியவர்கள். அவன் உன் கையில் விளக்குமாற்றுக் கட்டையைக் கொடுத்துவிட்டான். அதை வைத்துக்கொண்டு குந்து, எழு, குந்து, எழு. ஸ்லோ, ஸ்லோ. அப்புறம் வெறும் பார். அப்புறம் கொஞ்சம் எடை. கனத்த எடை வந்ததும் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, அவ்வளவுதான். பாரை வைத்துவிட்டு உட்கார், மழையைப் பார், பிறகு ஒரு தடவை. காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. நடுவில் தூங்கு. "ஸ்லீப்" என்று கன்னத்தில் கை வைத்துக் காட்டி, உன் தோளைத் தொட்டு, ஊதிப் பெரிதாவது போலக் காட்டினான். தூக்கும்போது பலம் செலவாகிறது, தூங்கும்போதுதான் வளர்கிறது என்று அதற்கு அர்த்தம். மழையால் துறையில் வேலை இல்லாதது உனக்கு யோகம்தான். நடுப்பகலில் நீ பாயை விரித்தபோது அப்பா பார்த்த பார்வை இருக்கிறதே! "ஏளா, உன் மவன் ரெண்டு தடவ தூக்கிட்டு ரெண்டு மணி நேரம் தூங்குதான். இந்த வேலைக்கு ஆள் எடுக்காங்கன்னா நானும் வாரேன்" என்றார்.

இந்த மனிதர்களை எல்லாம் சும்மா முரட்டுப் பிறவிகள் என்றுதான் உலகம் நினைக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லை. தைப்பவள் நான், எனக்குத் தெரியும், ஒரு காஜா சரியாக விழுவதற்கு எத்தனை காஜாவைப் பிரிக்க வேண்டும் என்று. தொய்யான் உன் பாதம் எங்கே இருக்கிறது என்று சாக்கட்டியால் கோடு போட்டான். குதித்து இறங்கும்போது உன் குதிகால் எந்தக் கோட்டில் விழுகிறது என்று குனிந்து பார்த்தான். விரலகலம் தள்ளி விழுந்தால் நோ, அகெயின். கணுக்கால் வளையவில்லை என்று உன்னைச் சுவரோரம் குந்தவைத்து முட்டியை அழுத்தினான். நீ கத்தினாய். ஒரே அசைவை, சலிப்பே இல்லாமல், நேற்றைவிட ஒரு துளி சுத்தமாகச் செய்ய வேண்டும் என்கிற அந்த வெறிதான் பலசாலிகளைப் பலசாலிகள் ஆக்குகிறது என்று அங்கே உட்கார்ந்து கண்டுகொண்டேன். பூசையில்கூட நான் அவ்வளவு ஒன்றிப் போனதில்லை. மாதா மன்னிக்கட்டும்.

ஆனால் ஒரு இடத்தில் நீ தொய்யானுக்கே தண்ணி காட்டினாய். ஸ்னாட்ச் செய்யும்போது பார் பின்னால் சாய்ந்தால் நீ விடுவதே இல்லை. கை முறுகினாலும் தோள் திருகினாலும் பிடித்துக்கொண்டே நிற்பாய். அவன் நோ நோ என்று தலையில் அடித்துக்கொள்வான். அவனுக்குக் காரணம் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. தோணித்துறையில் பிறந்த வழக்கம் அது. கரையிலிருந்து தோணிக்குப் போட்ட பலகையில் சுமையோடு ஏறுகிறவன், செத்தாலும் சுமையைக் கீழே போடக் கூடாது. போட்டால் அன்று முதல் அவன் பெயர் போய்விடும். எதைப் போட்டானோ அதுதான் பெயர். வெங்காயத்தைப் போட்டவர் சாகும்வரை வெங்காயம். அவர் சவப்பெட்டியைத் தூக்கிப் போகும்போதுகூட "வெங்காயம் போறாரு" என்றுதான் சொன்னார்கள். அவர் பிள்ளை இன்றைக்கும் வெங்காயம் மவன். உன் அப்பா இத்தனை காலத்தில் ஒரு சிப்பத்தைக்கூடக் கீழே போட்டதில்லை. துறையில் ஞானஸ்நானப் பெயரோடு நடமாடுகிற நாலைந்து பேரில் அவரும் ஒருவர். அவர் பக்கத்தில் நின்று சுமக்கப் பழகிய உன் விரல் எப்படி அவ்வளவு லேசில் விரியும்?

தொய்யான் கடைசியில் வேறு வழி கண்டான். கடல் மணலை அள்ளிவந்து தரையில் கொட்டவைத்தான். கப்பலிலிருந்து பழைய வடக்கயிற்றைக் கொண்டுவந்து விரித்தான். பிறகு உனக்குத் தூக்கவே சொல்லித் தரவில்லை. கீழே போடுவதைச் சொல்லிக் கொடுத்தான். பார் முன்னால் போனால் பின்னால் குதி, பின்னால் போனால் கையை விட்டு முன்னால் குதி. நாள் முழுக்க அதுதான். தூக்கு, போடு, குதி. போடத் தெரிந்த பிறகுதான் உனக்கு பாருக்குக் கீழே துணிந்து உட்கார வந்தது. விழுந்தால் தப்பிக்கலாம் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது, பயம் விட்டது. அன்றைக்குத்தான் உன் முதல் நல்ல ஸ்னாட்ச் நின்றது. நான் உப்பு மூட்டையிலிருந்து குதித்து எழுந்ததில் சேலை கிழிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா அப்பா கொட்டகைக்குள் வரவேண்டும்? அடுத்த ஸ்னாட்சை நீ தவறவிட்டு, பாரை முதுகுக்குப் பின்னால் போட்டாய். டமார் என்று மணல் தெறித்தது. "ஏலே! சுமையக் கீழ போடவா உன்ன வளத்தேன்?" அவ்வளவுதான் கேட்டார். திரும்பிப் போய்விட்டார். அதன் பிறகு உன்னோடு பேசவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் என்னிடம், "ஏளா, அவனுக்குக் கொழம்பு வேணுமான்னு கேளு" என்பார். பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாய். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். தொய்யான் அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு அந்த மனிதன் மணலில் முட்டி போட்டு, வேட்டிக்குக் கீழே அப்பாவின் கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, உங்களைத் திரும்பிப் பார்த்து ஏதோ சத்தமாகச் சொன்னான். பாஷை புரியாவிட்டால் என்ன, அவன் முகத்தில் அவ்வளவு மரியாதை. பலகை ஏறி ஏறி உருண்ட கால். அந்தக் கால் எனக்கு இருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன் என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினான். அப்பா வெட்கப்பட்டு, "எந்திங்க தம்பி, எந்திங்க" என்று நெளிந்தார்.

அன்றைக்குத் தொய்யான் காட்டினதைத்தான் நீ இப்போது ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். அவனும் அவன் தேசத்துப் பெரிய முகாமில் இருந்தவன். உன்னை மாதிரியே. அதைச் சைகையிலேயே புரியவைத்தான். தன் முழங்காலில் நீளமாக ஓடிய தையல் தழும்பைக் காட்டினான். முட்டியைத் தொட்டு முகத்தைச் சுளித்தான், வலி என்று. பிறகு உதட்டின் மேல் விரலை வைத்தான், யாரிடமும் சொல்லவில்லை என்று. பிறகு தரையில் கிடந்த உடைமரக் குச்சியை எடுத்து, படக்கென்று ஒடித்துக் கீழே போட்டான்.   அவ்வளவு பெரிய பலசாலி கப்பலில் எண்ணெய்க் கையோடு திரிவது ஏன் என்று அப்போதுதான் தெரிந்தது. தூக்க முடியாததால் இல்லை, வாயை மூடிக்கொண்டிருந்ததால்.

மழை விட்டது, உரம் இறங்கியது, அவன் போய்விட்டான். நீ மதுரைக்கு மாநிலப் போட்டிக்குப் போனாய். நீ போட்டிருந்த உடுப்பு நான் தைத்தது, அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, போகட்டும். அப்பாவும் வந்து என் பக்கத்தில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். முதல் ஸ்னாட்சைக் கீழே போட்டுவிட்டாய். அப்பா தலை குனிந்தார். இரண்டாவது தடவை பார் மேலே போய்ப் பின்னால் சாய்ந்தது. நீ விடவில்லை. அப்பா பார்க்கிறார் என்று விடவில்லை, எனக்குத் தெரியும். உன் தோள் திருகுவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. அப்போது பக்கத்தில் ஒரு சத்தம் வந்ததே, நான் வாழ்நாளில் அவரிடம் கேட்டிராத சத்தம். "போட்டுருலே! கீழ போட்டுரு மக்கா!" மண்டபமே திரும்பிப் பார்த்தது. நீ போட்டாய். போட்டுவிட்டு முன்னால் குதித்து நின்று, கூட்டத்தில் அவரைத் தேடினாய். மூன்றாவது தடவை அதே எடை தலைக்கு மேல் நின்றது. சரி என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தது எனக்குத் தெரியவில்லை, கண்ணீர் மறைத்துவிட்டது. "ரெண்டு தடவ போட்டவன், திரும்ப வந்து எடுத்தாம் பாரு" என்று பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் அப்பா சொல்லிக்கொண்டு வந்தார். அதனால்தான் நீ இன்று அந்த முகாமில் இருக்கிறாய்.

இப்போது அந்தச் செய்தி. நீ ரயிலேறின வாரத்திலேயே நடந்தது. காலமில்லாத காலத்தில் ஒரு மழை பெய்து பலகை எல்லாம் வழுக்கிக்கொண்டு கிடந்தது. அப்பா கருப்பட்டிச் சிப்பத்தோடு ஏறியிருக்கிறார். நடுப்பலகையில் கால் வழுக்கி முட்டி மடங்கிவிட்டது. கூட இருந்தவர்கள் சொன்னார்கள், அவர் பழைய ஆளாகவே இருந்திருந்தால் சிப்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தோணிக்கும் கரைக்கும் நடுவில் விழுந்து நசுங்கியிருப்பார் என்று. உன் அப்பா தோளை உதறினாராம். சிப்பம் பின்னால் போனது, இவர் முன்னால் ஒரு குதி. கந்தசாமிதான் துறையில் நின்று பார்த்தவன். "அத்தே, தொய்யான் சொல்லிக் குடுத்த அதே குதி!" என்று மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னான். துறை முழுக்க வேலை நின்றுவிட்டதாம். எல்லோரும் அப்பா முகத்தைப் பார்க்க, அவர் கடலை எட்டிப் பார்த்துவிட்டு, "சிப்பம் போச்சு. நான் இங்கனதான் நிக்கேன்லா, பெறவு என்ன? வேலையப் பாருங்கலே" என்றாராம்.

வீட்டுக்கு வந்து, காப்பியைக் குடித்துவிட்டு, "ஏளா, எனக்குப் பேரு வச்சாச்சு, தெரியுமா?" என்றார். தெரு முழுக்க இப்போது அவர் கருப்பட்டிதான். எதிர் வீட்டுப் பொடிசுகள்கூடக் கூப்பிடுகின்றன. அவர் கோபப்படுவார் என்று நான் பயந்தேன். சிரிக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அவனுக்கு வலது கை சரியில்ல. பெட்டிய எடது கையால தூக்கும்போதே பாத்தேன். சொமக்கவனுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதுன்னு ரெண்டு பேரும் நெனைச்சிக்கிட்டு இருங்க. அவன் என் பேருக்குப் பயந்துதான் வாய மூடிக்கிட்டு இருக்கான். இனி என்னத்துக்குப் பயம்? பேருதான் போயிட்டுல்லா. எழுது அவனுக்கு."  உன் கை சரியாக வேண்டும் என்று அவர் மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை, சட்டையில் மெழுகு இருந்தது.

ஆகவே இதைப் படித்த மறுநாள் காலையில், பார் பக்கம் போவதற்கு முன்னால், டாக்டரிடம் போய்த் துணியை அவிழ்த்துக் கையைக் காட்டு. தேறும்வரை இரு என்றால் இரு. ஊருக்குப் போ என்றால் வா. ஸ்டேஷனுக்கு நானும் அப்பாவும் வருகிறோம். நீ யாருக்கும் பயப்பட வேண்டாம், நீ கருப்பட்டி மவன். கை தேறினால் மறுபடியும் எடுப்பாய், நீ எடுக்கிறவன் என்பதை நான் மதுரையில் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து இதை முழுக்க வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அப்பா பேனாவை வாங்கிக்கொண்டார். தன் பெயரைத் தவிர வேறெதுவும் எழுதி நான் பார்த்ததில்லை. எழுத்துக்கு எழுத்து என்னிடம் கேட்டுக் கேட்டு, வியர்த்து விறுவிறுத்து எழுதி முடித்தார். கீழே கோணலாக இருப்பது அவர் கை.

கீழ போட்டுரு மக்கா.
இப்படிக்கு கருப்பட்டி.